பழைய நிரலைச் செப்பனிடுதல்

ஏரியை வெட்டுவித்தவன் பெயரைக் கல்லில் எழுதிவைக்கும் உலகம், ஆண்டுதோறும் அவ்வேரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்தி மதகைச் செப்பனிட்டோர் பெயரை எழுதிவைப்பதில்லை. ஆயினும் ஊரார் உண்ணும் சோறு முன்னவன் கொடையால் மட்டும் விளைவதன்று. பின்னவர் உழைப்பாலும் விளைவதாகும். இவ்வுண்மை மண்ணாலும் கல்லாலும் ஆகிய பொருள்களுக்கேயன்றி, எண்ணத்தாலும் எழுத்தாலும் ஆகிய கணிப்பொறி நிரல்களுக்கும் பொருந்தும். நம் கல்லூரியிற் கணிப்பொறி இயல் பயின்று வெளியேறும் மாணவருட் பலர், புதிய நிரல்களைத் தாமே தொடங்கி எழுதப்போகின்றோம் என்னும் எண்ணத்தோடு செல்கின்றனர். ஆனால் அலுவலகத்தில் அவர் கையில் முதன்முதல் வந்து சேர்வது, பெரும்பாலும், முன்னொருவர் எழுதிச் சென்ற பழைய நிரலேயாம். எழுதியவர் அங்கு இலர். அவ்வாறு எழுதியதன் காரணத்தைக் கூறுவாரும் இலர். அந்நிலையிற் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

நிரல் பழமையுறுவது எங்ஙனம்?

நிரலென்பது கணிப்பொறி இயற்றவேண்டிய செயல்களை முறைப்பட எழுதிய கட்டளைகளின் தொகுதியாகும். இரும்பு துருவேறும், மரம் உளுத்துப்போம், நிரலோ துருவேறுவதுமில்லை, உளுத்துப்போவதுமில்லை. நாற்பது ஆண்டுகட்கு முன் எழுதிய வரி இன்றும் எழுதியவாறே இருக்கும். அங்ஙனமாயின் அது பழமையுறுகின்றதென்று கூறுவது எவ்வாறு பொருந்துமெனின், நிரல் மாறாதிருப்பினும் அதனைச் சூழ்ந்த உலகம் மாறிக்கொண்டே இருக்கின்றது என்பதே விடையாம்.

இதற்கு யாவரும் அறிந்த சான்று ஒன்றுண்டு. சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியிற் கணிப்பொறியின் நினைவகம் மிக்க விலையுடையதாயிருந்தது. செய்திகளைப் பதித்துவைத்த துளையட்டை ஒன்றில் 80 எழுத்துக்களே அடங்கின. ஆதலின் நிரலெழுதியோர் 1967 என்னும் ஆண்டை 67 என இரண்டு இலக்கங்களாற் சுருக்கி எழுதினர். அஃது அக்காலத்திற்கு ஏற்ற சிக்கனமேயன்றி மடமையன்று. ஆனால் அந்நிரல்கள், எழுதியோர் எதிர்பார்த்த காலத்திற்கும் மேலாக நீடித்து உழைத்தன. 2000ஆம் ஆண்டு அணுகியபொழுது, 00 என்பது 1900ஐக் குறிக்குமோ 2000ஐக் குறிக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. வங்கிகளும் அரசாங்கங்களும் பெரும்பொருள் செலவிட்டுத் தம் பழைய நிரல்களை வரிவரியாகத் துருவித் திருத்த நேர்ந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியராயிருந்த மையர் லேமன் என்பவர், ஐபிஎம் நிறுவனத்தின் பெரியதொரு நிரல் தொகுதி ஆண்டுதோறும் வளர்ந்த வரலாற்றை ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டு முதலாகச் சில விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதன. வழக்கிலுள்ள நிரல் இடைவிடாது மாற்றப்பட்டே ஆகவேண்டும். மாற்றப்படாவிடிற் பயன் குன்றும் என்பது ஒன்று. மாற்றந்தோறும் அதன் உட்சிக்கல் மிகும். அச்சிக்கலைக் குறைப்பதற்கென்றே தனியாக உழைத்தாலன்றி அது தானே குறையாது என்பது மற்றொன்று. வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்க அறிஞர் 1992ஆம் ஆண்டில் இந்நிலையைக் கடனுக்கு ஒப்பிட்டுக் கூறினார். அவசரத்தின் பொருட்டுச் செம்மையற்ற நிரலை எழுதிவிடுதல் கடன் வாங்குதலை ஒக்கும். விரைவில் திருத்திவிடின் கடன் தீர்ந்துபோம். திருத்தாது விடின், அதன்மேற் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் நாம் மிகையாகச் செலவிடும் பொழுதே அக்கடனுக்கு வட்டியாகும்.

காரணம் மறைந்த நிரல்

பழைய நிரலில் வரும் கேடுகளுள் தலையாயது யாதென்பதை ஏரியன் 5 என்னும் ராக்கெட்டின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள், தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவைச் சேர்ந்த கூரூ என்னும் இடத்தினின்று, ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த அந்த ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தொடர்பை ஆராய்தற்கு அமைந்த கிளஸ்டர் என்னும் நான்கு விண்கலங்கள் அதனுள் இருந்தன. ஏறத்தாழ 40 விநாடிகளில், 3,700 மீட்டர் உயரத்தில், அது வழிவிலகித் திரும்பி உடைந்து வெடித்துச் சிதறியது.

ராக்கெட் எத்திசையில் எவ்வளவு விரைவாகச் செல்கின்றதென்பதை அளந்து கூறும் வழிகாட்டிக் கருவிகள் இரண்டு அதன்கண் இருந்தன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவவேண்டும் என்பது கருத்து. அக்கருவிகளின் நிரல், முன்னர்ப் பலமுறை நன்கு பறந்த ஏரியன் 4இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்நிரலின் ஓரிடத்தில், 64 பிட் அளவினதாகிய பெரிய எண்ணொன்றை 16 பிட் அளவினதாக மாற்றும் கட்டளை உளது. கூட்டல் கழித்தற் குறியுடைய முழு எண்ணாயின், 16 பிட்டில் அடங்கத்தக்க மிகப்பெரியது 32,767 ஆகும். அவ்வெண் ராக்கெட்டின் கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடையது. ஏரியன் 4 செல்லும் பாதையில் அவ்வேகம் எல்லையைக் கடக்க வழியில்லை. ஏரியன் 5 புறப்பட்ட சில விநாடிகளிலேயே மிக்க கிடைவேகம் கொள்வது. எண் அடங்காதாயிற்று, கருவி தன் செயலை நிறுத்திக்கொண்டது. துணைக்கருவியோ அதற்கு ஒரு கணம் முன்னரே அதே காரணத்தால் நின்றுவிட்டது. இரண்டிலும் இருந்தது ஒரே நிரலன்றோ! பின்னர் அக்கருவி அனுப்பிய பிழையறிக்கையைத் தலைமைக் கணிப்பொறி பறப்புச் செய்தியென்று மயங்கி ராக்கெட்டைத் திருப்ப, அழிவு நேர்ந்தது.

இவ்வளவோடு நின்றதாயின் இதனை ஒரு கணக்குப் பிழையென்று கூறி அமையலாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் ஆராய்ந்த குழுவினர் அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கையோ, இதனினும் ஆழ்ந்த உண்மையைப் புலப்படுத்துகின்றது. எல்லை கடத்தற்கு இடமுள்ள எண்கள் ஏழு என்பதை நிரலெழுதியோர் அறிந்தேயிருந்தனர். கருவியின் கணிப்பொறிக்குச் சுமை மிகாதிருக்கும்பொருட்டு, நான்கிற்கு மட்டும் காவலமைத்து, மூன்றை வேண்டுமென்றே காவலின்றி விட்டனர். ஏரியன் 4இன் பாதைக்கு அது தக்க முடிவே. ஆனால் அம்முடிவின் காரணம் நிரலின் அவ்விடத்தில் எழுதப்படவில்லை; எண்ணிறந்த ஏடுகளுக்கிடையே அது மறைந்துபோயிற்று.

அன்றியும், அக்கணக்கு ராக்கெட் எழும்பிய பின்னர் நடைபெறவேண்டிய தேவையே ஏரியன் 5இல் இல்லை. முந்தைய ஏரியன் ராக்கெட்டுகளில், புறப்பாடு இறுதி விநாடிகளில் நிறுத்தப்படுமாயின், கருவியை மீண்டும் சமன்செய்ய 45 நிமிஷத்திற்கு மேற் காத்திருக்கவேண்டும்; அதனைத் தவிர்த்தற்காகவே அக்கணக்கைச் சிறிது நேரம் தொடர்ந்து நடைபெறவிட்டிருந்தனர். அவ்வசதி 1989ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறை பயன்பட்டது. புதிய ராக்கெட்டுக்கு அது வேண்டப்படாததாயினும், நன்றாக நடந்த நிரலில் ஏன் கைவைக்கவேண்டும் என்று கருதி அதனை அப்படியே விட்டனர். வேண்டாத வேலையொன்று, அறியப்படாத வரம்பொன்றின்மேல் ஏறி நின்று, நான்கு விண்கலங்களையும் பல்லாண்டு உழைப்பையும் அழித்துவிட்டது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? வயதால் முதிர்ந்த நிரல் பழைய நிரலன்று. காரணம் மறைந்த நிரலே பழைய நிரல். நேற்று எழுதியதாயினும், ஏன் இவ்வாறு எழுதப்பட்டதென்பதை எவரும் அறியாராயின் அது பழையதே. ஆகவே பழைய நிரலைத் திருத்துதலாவது, மறைந்த காரணத்தை மீண்டும் வெளிக்கொணர்தலே என்பது எமது கருத்து.

பொருள் மட்டுமன்று, உயிரும் இதனால் அழிந்ததுண்டு. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவ யந்திரம், 1985 முதல் 1987 வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளிகள் அறுவர்மேல் அளவுக்கு மிக்க கதிரைச் செலுத்தியது. அவருட் சிலர் மாண்டனர். அதன் நிரலில் இருந்த பிழைகளுள் ஒன்று, அதற்கு முந்திய தெராக்-20 யந்திரத்தின் நிரலிலும் இருந்ததே. ஆனால் அங்குத் தனியே அமைந்த காப்புப் பொறிகள், நிரல் தவறியபோதெல்லாம் கதிரைத் தடுத்து நிறுத்தின. புதிய யந்திரத்தில் அக்காப்புப் பொறிகளை நீக்கி, நிரலையே நம்பினர். பழைய நிரல் நன்றாக உழைத்ததெனக் கருதப்பட்டது. அதனை நன்றாக உழைக்கச் செய்தது எது என்று வினவப்படவில்லை.

எமது பிழையொன்று

பிறர் பிழையைக் கூறும் நாம், எம் பிழையை மறைத்தல் நேர்மையாகாது. பல்லாண்டுகட்கு முன்னர், ஒரு கல்வி நிலையத்தின் சம்பளக் கணக்கு நிரலைத் திருத்தும் பணி எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. தவணை தப்பியோர்க்கு அபராதம் சேர்க்கும் பகுதியில், குறிப்பிட்ட ஓர் எழுத்தால் தொடங்கும் சேர்க்கை எண்ணாயின் அபராதம் வேண்டா என்று ஒரு வரி இருந்தது. விளக்கமொன்றும் இல்லை, வினவியவர்க்கும் தெரியவில்லை. யாரோ சோதனைக்கு எழுதி மறந்துவிட்ட வரியென்று துணிந்து அதனை நீக்கினோம். நிரல் முன்னையினும் அழகாயிற்று, யாமும் மகிழ்ந்தோம்.

அடுத்த தேர்வின்போது மாணவர் பதினொருவர்க்கு அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டது. அவர்கள் ஓர் அறக்கட்டளையின் உதவியாற் படிக்கும் ஏழை மாணவர்; அறக்கட்டளைப் பணம் எப்பொழுதும் தவணை நாளுக்குப் பின்னரே வந்து சேரும்; அதற்காகவே அவ்வரி எழுதப்பட்டிருந்தது. ஒரு மாணவியின் தந்தை ஒருநாட் கூலியை இழந்து, நெடுந்தொலைவு வந்து, ஐந்தாண்டு ரசீதுகளையும் ஒரு துணிப்பையிற் சுமந்துகொண்டு அலுவலகத்துச் சாளரத்தின்முன் நின்ற காட்சியை யாம் இன்றளவும் மறந்திலோம். அன்று மாலையே பிழை திருத்தப்பட்டது, தேர்வும் தப்பவில்லை. எனினும் தமக்குப் புரியாத வரியைப் பயனற்ற வரியென்று கருதுதல் எத்துணைக் கொடிதென்பதை அன்று கற்றோம்.

செப்பனிடும் முறை

அங்ஙனமாயின் எவ்வாறு தொடங்குவது? முதலாவது செய்யற்பாலது சோதனை என்னும் வேலியை இடுதல். மைக்கேல் ஃபெதர்ஸ் என்பவர் 2004ஆம் ஆண்டில் இப்பொருள்பற்றி வெளியிட்ட நூலில், சோதனைகளில்லாத நிரலே மரபு நிரல் என்று வரையறுத்தார். சோதனையாவது, இவ்வுள்ளீடு கொடுத்தால் இவ்விடை வருதல் வேண்டும் என்பதைக் கணிப்பொறியே சரிபார்க்குமாறு எழுதிவைத்த சிறு நிரலாகும். பழைய நிரலுக்கு இதனை எழுதும்போது ஒரு நுட்பம் உண்டு. எவ்விடை வரவேண்டுமென்று நாம் நினைக்கின்றோமோ அதனையன்று, இப்பொழுது எவ்விடை வருகின்றதோ அதனையே முதலிற் பதிந்துகொள்ளுதல் வேண்டும். சென்ற ஆண்டு மாணவர் அனைவருடைய கணக்கையும் பழைய நிரலாற் கணித்து, அவ்விடைகளைச் சேமித்துவைத்து, ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் ஒப்பிட்டிருப்போமாயின், அப்பதினொருவரும் அன்றே எம் கண்முன் வந்து நின்றிருப்பர். ஏரியன் 5இன் பாதைக்குரிய எண்களைக் கொண்டு அக்கருவியின் நிரலை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தாரிலர்; விபத்தின் பின்னர் ஓட்டிப் பார்த்தபொழுது பிழை உள்ளவாறே தோன்றியது.

இரண்டாவது, சிற்றடி வைத்தல். நிரலின் செயல் மாறாதிருக்க, அதன் உள்ளமைப்பை மட்டும் சிறிது சிறிதாகச் சீர்செய்தலை ரீஃபாக்டரிங் என்பர். மார்ட்டின் ஃபவுலர் 1999ஆம் ஆண்டில் அப்பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டு, அத்தகைய சிறு திருத்தங்களைப் பெயரிட்டு முறைப்படுத்தினார். ஒரு பெயரை மாற்றுதல், நீண்ட பகுதியினின்று ஒரு துண்டைப் பிரித்துத் தனிச் செயற்கூறாக்குதல், பலவிடத்து எழுதியதை ஓரிடத்துச் சேர்த்தல் என்பன அவற்றுட் சில. ஒவ்வொன்றும் சில நிமிஷ வேலை; ஒவ்வொன்றின் பின்னும் சோதனையை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். தவறு நேர்ந்தால், இறுதியில் வைத்த ஓரடியைப் பின்வாங்கினாற் போதும். உள்ளமைப்பைச் சீர்செய்தலும் புதிய வசதியைச் சேர்த்தலும் ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்யலாகாது. செய்யின், விடை மாறியது எதனால் என்பது விளங்காது.

மூன்றாவது, காரணத்தைத் தேடுதல். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் எந்நாளில் ஏன் செய்தார் என்பதோடு காக்கும் பதிவேடுகள் இக்காலத்து உள. அவற்றைப் படித்தல் வேண்டும். பதிவேடு வாய்திறவாவிடின், அலுவலகத்து முதிய எழுத்தரிடம் சென்று கேட்டல் வேண்டும். நிரலறியாதவராயினும் காரணமறிந்தவர் அவரே ஆகலாம்.

அமைப்பு நெறிகள்

செப்பனிடும்போது எவ்வுருவை நோக்கிச் செப்பனிடுவது என்பது அடுத்த வினா. டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் 1972ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இதற்கு இன்றும் வழிகாட்டுகின்றது. நிரலைக் கூறுகளாகப் பிரிப்போர், முதலிற் படித்தல், பின்னர் வரிசைப்படுத்தல், இறுதியில் அச்சிடுதல் என வேலை நடக்கும் முறையே பற்றிப் பிரித்துவந்தனர். அது தக்கதன்றென்றும், பின்னர் மாறக்கூடிய முடிவுகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூறினுள் மறைத்துவைத்தலே தக்கதென்றும் அவர் காட்டினார். அங்ஙனம் செய்யின், முடிவு மாறும்போது ஒரு கூறு மட்டும் மாறும், மற்றவை அறியா.

இதனைச் சம்பளக் கணக்கிலே வைத்துப் பார்ப்போம். அபராதம் பத்து ரூபாய் என்னும் முடிவு நிரலின் பதினான்கு இடங்களில் எழுதப்பட்டிருப்பின், அதனைப் பதினைந்தாக உயர்த்துவோர் பதின்மூன்று இடங்களைத் திருத்தி ஒன்றை விட்டுவிடுதல் இயல்பே. ஓரிடத்தில் எழுதிப் பிற இடங்கள் அதனையே வினவுமாறு செய்யின் அவ்விடர் இல்லை. அவ்வாறே, கணக்கிடுதல், ரசீது அச்சிடுதல், பதிவேட்டில் எழுதுதல் ஆகிய மூன்றையும் ஒரே செயற்கூறு செய்யுமாயின், ரசீதின் அழகை மாற்றப்போய்க் கணக்கைக் கெடுக்க நேரும். ஒரு கூறுக்கு ஒரு தொழிலே அமைதல் நலம். எல்லாவற்றினும் மேலாக, பெயர் பொருளுணர்த்துவதாயிருத்தல் வேண்டும். யாம் நீக்கிய அவ்வரி, ‘அறக்கட்டளை மாணவர்க்கு அபராதமில்லை’ என்னும் பொருள்பட ஒரு பெயர் தாங்கியிருக்குமாயின், அதனை நீக்க எவரும் கை நீட்டியிரார்.

வேண்டாதவற்றை நீக்கலாகாது என்று யாம் கூறியதாக எவரும் கொள்ளற்க. காரணம் அறிந்து, அது முடிந்துபோயிற்றென்று தெளிந்தபின், நீக்காதிருத்தலும் குற்றமேயாம். நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வாணிக நிறுவனம், 2003ஆம் ஆண்டிலேயே வழக்கொழிந்த ஒரு பகுதியைத் தன் நிரலில் நீக்காது வைத்திருந்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அப்பகுதியை எழுப்பும் பழைய குறியையே புதியதொரு வேலைக்குப் பயன்படுத்தினர். எட்டுக் கணிப்பொறிகளுள் ஒன்றிற் புதிய நிரல் ஏற்றப்படவில்லை. அவ்வொன்றில் உறங்கிக் கிடந்த பழைய பகுதி விழித்தெழுந்து, ஏறத்தாழ 45 நிமிஷத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் விளைவித்தது.

இடித்துக் கட்டலாமோ?

இவ்வளவு தொல்லை எதற்கு, பழையதை முற்றும் எறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவோம் என்பது இளையோர்க்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலாகும் அது. நெட்ஸ்கேப் நிறுவனத்தார் 1998ஆம் ஆண்டில் தம் இணைய உலாவியின் பழைய நிரலைக் கைவிட்டுப் பெரும்பகுதியைப் புதிதாக எழுதத் துணிந்தனர். புதிய பதிப்பு வெளிவந்தது 2000ஆம் ஆண்டு நவம்பரிலேயாம். அதற்குள், முன்னரே குறைந்துவந்த அவர்களுடைய வாடிக்கையாளருட் பெரும்பாலோர் மாற்றார் உலாவிக்குச் சென்றுவிட்டனர். பழைய நிரலின் அருவருப்பான வரிகள் பல, முன்னொருகால் எவரோ கண்டு திருத்திய பிழைகளின் தழும்புகளே. அவற்றை எறிவோர் அப்பிழைகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் பெறுவர்.

முற்றும் மாற்றியே தீரவேண்டிய காலமும் வருதல் கூடும். அப்பொழுதும் ஒரு வழி உண்டு. பனையின் உச்சியில் வீழ்ந்த ஆலம்வித்து முளைத்து, விழுதிறக்கிப் பனையைச் சூழ்ந்து, பல்லாண்டுகளில் அதன் இடத்தைத் தானே கொள்ளுதலை நாம் கண்டிருக்கின்றோம். ஆஸ்திரேலியக் காடுகளில் இவ்வகை மரங்களைக் கண்ட ஃபவுலர், 2004ஆம் ஆண்டில் அதனையே நிரலுக்கு உவமையாக்கினார். பழையது நடந்துகொண்டிருக்க, ஒரு வேலையை மட்டும் புதியதற்கு மாற்றி, அது நிலைபெற்றபின் அடுத்ததை மாற்றி, இறுதியிற் பழையதை ஓய்வுபெறச் செய்யலாம். ஒருநாளும் வேலை தடைப்படாது; ஒவ்வோரடியிலும் திரும்பிவர வழியும் இருக்கும்.

முடிவுரை

ஆகவே, இளைஞர்காள்! பிறர் எழுதிய நிரல் உங்கள் கைக்கு வரும்போது, இதனை எழுதியவன் மூடன் என்று தொடங்காதீர்கள். அவன் அறிந்தது யாது, நாம் அறியாதது யாது என்று தொடங்குங்கள். வேலியிட்டபின் வெட்டுங்கள், சிற்றடி வையுங்கள், காரணம் கண்டபின் நீக்குங்கள், கண்ட காரணத்தை அவ்விடத்திலேயே எழுதிவையுங்கள். இன்று நீங்கள் எழுதுவதும் நாளை மற்றொருவர்க்குப் பழைய நிரலாகும். அவர் உங்களை வினவ இயலாத நாளில், உங்கள் எழுத்தே உங்கட்காக விடையிறுத்தல் வேண்டும். அதன் பயனைப் பெறுவோர் உங்கள் பெயரை அறியார். சாளரத்தின்முன் நில்லாமலே தம் மகளின் அனுமதிச் சீட்டைப் பெறும் தந்தையும் அறியார். கரையைச் செப்பனிட்டோர் பெயர் கல்லில் இல்லையேனும், ஏரியில் நீர் நிற்கின்றதன்றோ!